கண்ணாடியிற் கடலுயிர்கள்

கற்பித்தற் சாதனமாகப் பிறந்த ஒன்றைக் கலைப்படைப்பென மதிப்பிடலாமா என்ற வினா, லியோபோல்ட் பிளாஷ்காவும் அவர் மகன் றூடோல்பும் ட்றெஸ்டன் நகரில் ஆக்கிய கண்ணாடிக் கடலுயிர்களை நோக்குமிடத்துத் தவிர்க்கவியலாததாகின்றது.

மெல்லுடலிகள் மதுசாரத்தில் இடப்பட்டதும் நிறமிழந்து சுருங்கிவிடும். போத்தலில் எஞ்சும் வெளிறிய பிண்டத்தைக் காட்டி மாணவருக்குக் கடலனிமனியை விளக்குதல் எங்ஙனம்? 1863இல் ட்றெஸ்டன் நூதனசாலைக்கெனத் தொடங்கிய முயற்சி இக்குறையை நிரப்பியது. 1885இல் கோர்ணெல் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 570 உருக்களைக் கொள்வனவு செய்தது.

சுவாலையில் இளக்கி உருவாக்கிய கண்ணாடிக்கு வர்ணந் தீட்டுவது இவர்தம் முறை. ஜெலிமீனின் உடல் ஒளியை முற்றாகத் தடுப்பதுமில்லை, முற்றாக விடுவதுமில்லை. வர்ணம் சற்றே தடித்தாலும் உயிர் போய்விடும். அவ்வளவறிந்த நிதானத்திலேயே இவர்களது மேதைமை தங்கியுள்ளது. ஆயினும் தொடக்ககால அனிமனிகளை அவ்வாறு போற்றுதல் மிகை. பிலிப் ஹென்றி கொஸ்ஸின் நூற்படங்களைத் தழுவியவையாதலின் அவற்றில் உயிரினத்தைவிடப் படமே மேலோங்கி நிற்கின்றது. கடலற்ற அந்நகரிலே வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, உயிருள்ளவற்றை அவதானித்துச் செய்த பிற்கால உருக்களிலோ உணர்கொம்புகளின் தளர்வும் வளைவும் வேறாகின்றன. பயன்பாடு கலையைத் தாழ்த்தும் என்போர் இம்மாற்றத்தைக் கவனிப்பதில்லை. மாணவன் பிழையாகக் கற்றுவிடக்கூடாதென்ற கட்டுப்பாடே இங்கு கலையை வளர்த்தது.

கோர்ணெலின் சேகரிப்பு பிற்காலத்திற் களஞ்சியத்துள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அப்பல்கலைக்கழகக் கடலியலாளர் ட்றூ ஹாவெல், அவ்வுருக்களின் உயிருள்ள மூலங்கள் இன்றும் கடலில் உள்ளனவா எனத் தேடிச் சென்று, 2016இல் அத்தேடலை நூலாக்கினார்.