எந்த உருப்படியை வாசிப்பது?

கதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர்களுக்கு ஓர் இரகசியம் தெரியும். பாதிப் போட்டி, பேனாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எதை எழுதுவது என்று தீர்மானிக்கிறார்களே, அந்த நிமிஷத்தில். தன் பாட்டி பலகாரக் கடை வைத்துப் பிழைத்த கதையை அருமையாக எழுதக்கூடிய பையன், பரிசு கிடைக்கவேண்டுமே என்று தேசப் பிரிவினையைப் பற்றி எழுதி அனுப்புகிறான். விஷயம் பெரிது, மூச்சு சிறிது. மூன்றாவது பக்கத்தில் இரைக்க ஆரம்பித்துவிடுகிறது.

மூச்சு என்று இங்கே உவமையாகத்தான் சொன்னேன். அது நிஜமாகவே மூச்சாக இருக்கும் ஒரு போட்டியை, டெக்ஸாஸில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஓபோ வாசித்தார்கள். அன்று கேட்டதை வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட போட்டிக்கு ஒரு மாணவன் எந்த உருப்படியை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் சங்கீத வித்வான் அல்ல, கேட்கிறவன். ஆனால், பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது விமரிசனம்தான். அந்த மட்டில் பேச எனக்கும் உரிமை உண்டு.

ஓபோவை நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். இரண்டிலும் வாயில் வைப்பது இரட்டைத் தகடான நாணல் சீவாளி. இரண்டின் குழலும் கீழே போகப் போக அகலும். நாகஸ்வரம் தெருக்கோடி வரை கேட்க வேண்டிய வாத்தியம். ஓபோவோ, வெளியில் முழங்கிக்கொண்டிருந்த பழைய வாத்தியம் ஒன்றை 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அறைக்குள் வாசிப்பதற்காகத் திருத்தியமைத்ததில் பிறந்தது. அதன் சீவாளியின் வாய் மிகமிகக் குறுகல். ஊதுகிற காற்று சிறுகச் சிறுகத்தான் உள்ளே போகும். ஆகவே ஒரு வேடிக்கை நேருகிறது. மற்றக் குழல் வாத்தியக்காரர்கள் மூச்சுப் போதாமல் திணறுவார்கள். ஓபோக்காரர் மூச்சு மிஞ்சித் திணறுகிறார். நெஞ்சு நிறையக் காற்று இருக்கிறது. ஆனால் அது கெட்டுப்போன காற்று. முதலில் அதை வெளியே விட்டாக வேண்டும். அப்புறம் புதிதாக இழுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரு கணம்தான். இந்த வாத்தியத்துக்கு எழுதப்பட்ட எந்த உருப்படியையும் எடை போடும்போது, மூச்சு விட எங்கே இடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

போட்டியின் ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். டெக்ஸாஸில் இதை நடத்துவது யூனிவர்ஸிட்டி இண்டர்ஸ்கலாஸ்டிக் லீக் என்ற ஸ்தாபனம். அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். உருப்படிகளைக் கடினத்துக்குத் தக்கபடி மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவர் கொடுப்பது முதற்பரிசு, இரண்டாம் பரிசு அல்ல. ஒன்று முதல் ஐந்து வரை ஒரு தரம். வந்த அத்தனை பேரும் தகுதியானவர்கள் என்றால் அத்தனை பேருக்கும் ஒன்றாந்தரமே கிடைக்கலாம். இங்கே யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. மாணவன் மல்லுக்கு நிற்பது பக்கத்துப் பையனோடு அல்ல, தான் எடுத்துக்கொண்ட உருப்படியோடு. அதனால் தேர்வுக்கு இன்னும் மதிப்புக் கூடுகிறது.

சரி, எதை எடுப்பது?

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது மோட்ஸார்ட்டின் கான்செர்டோவின் மேல். 1777இல் ஸால்ஸ்பர்க்கில் எழுதியது. மறு வருஷமே மோட்ஸார்ட் அதைப் புல்லாங்குழலுக்கு மாற்றிக் கொடுத்தார். புல்லாங்குழல் வடிவம் உலகமெல்லாம் பரவ, ஓபோ வடிவம் காணாமல் போயிற்று. 1920இல்தான் ஸால்ஸ்பர்க்கில் அதன் ஏடுகள் அகப்பட்டன. அற்புதமான படைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஓபோ உள்ளே நுழைந்ததும் ஒரு சிறு ஓட்டம் ஓடி, மேலே ஒரே ஸ்வரத்தில் ஏறி நின்றுவிடுகிறது. நான்கு தாளக் கட்டங்களுக்கு அசையாமல் நிற்க வேண்டும். கீழே வாத்தியக் கோஷ்டி விளையாடுகிறது; மேலே ஓபோ சும்மா நிற்கிறது. பிள்ளைகள் பயப்படுவது பின்னால் வருகிற துரித ஓட்டங்களுக்கு. பயப்பட வேண்டியது இந்த நிற்றலுக்கு. விரல் வேகத்தை ஆறு மாதத்தில் சம்பாதித்துவிடலாம். அசையாமல் நிற்பதற்கு வயசாகிறது. மேலும், போட்டி அறையில் வாத்தியக் கோஷ்டி ஏது? ஒரு பியானோ அதன் வேலையை ஒண்டியாகச் செய்கிறது. பந்தல் இல்லாத கல்யாணம் மாதிரி எனக்குப் பட்டது.

ஷூமன் 1849 டிசம்பரில் எழுதிய மூன்று ரொமான்ஸுகள் பியானோவுக்கும் ஓபோவுக்கும் என்றே பிறந்தவை. இவற்றைக் கிளாரினெட்டுக்கும் ஆகும் என்று போடலாமா என்று பதிப்பாளர் கேட்டபோது ஷூமன் சம்மதிக்கவில்லை. அவ்வளவு பிடிவாதமாக ஓபோவின் குரலை மனத்தில் வைத்து எழுதியவர், வாசிக்கிறவனுக்கு நுரையீரல் இருக்கிறது என்பதை மட்டும் எப்படியோ மறந்துவிட்டார். வரிக்கு மேல் வரியாக மெட்டு போய்க்கொண்டே இருக்கிறது; நிறுத்த இடமே இல்லை. தேர்ந்த வித்வான்களே இதை நினைத்தால் கொஞ்சம் அஞ்சுகிறார்கள். பார்வைக்கு எளிது, நெஞ்சுக்குக் கொடிது. மாணவனிடம் இதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சிமரோஸாவின் கான்செர்டோ என்று ஒன்று உண்டு. சிமரோஸா அப்படி ஒன்றை எழுதவே இல்லை என்பதுதான் அதில் சுவாரசியம். 18ஆம் நூற்றாண்டுக்காரரான அவர் விசைப்பலகை வாத்தியத்துக்கு எழுதிவைத்த சிறிய ஸொனாட்டாக்களில் நான்கைப் பொறுக்கி, 1942இல் ஆர்தர் பெஞ்சமின் என்பவர் ஓபோவுக்காகக் கோத்துக் கொடுத்தார். கோத்தவர் கெட்டிக்காரர். மெட்டுக்கள் தெளிவானவை, மூச்சுக்கு இடம் உண்டு, எதுவும் அளவுக்கு மேல் நீளுவதில்லை. அசல் அல்ல என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல கைத்தறிப் புடவையில் தைத்த பாவாடையை யாராவது வேண்டாம் என்பார்களா? முதல்முறை போட்டிக்குப் போகிற குழந்தைக்கு இதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை.

மார்ச்செல்லோவின் டி மைனர் கான்செர்டோவுக்கும் கிட்டத்தட்ட இதே விலாசக் குழப்பம்தான். எழுதியவர் வெனிஸ் நகரத்துப் பிரபு அலெஸ்ஸாண்ட்ரோ மார்ச்செல்லோ. வெகு காலம் பேர் வாங்கிக்கொண்டவர் அவருடைய தம்பி பெனடெட்டோ. பாஹ் இதை விரும்பித் தம் விசைப்பலகைக்கு மாற்றி எழுதிக்கொண்டார். நடுப்பகுதி மெதுவானது. ஏட்டில் இருப்பது வெறும் எலும்புக்கூடு. சதை வைக்க வேண்டியவர் வாசிக்கிறவர். பாஹ் வைத்த சங்கதிகளையே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் பையன் அவற்றை ஒப்பிக்கிறானா, உணர்ந்து வாசிக்கிறானா என்பது இரண்டாவது வரியிலேயே வெளியாகிவிடும்.

பெஞ்சமின் பிரிட்டன் 1951இல் எழுதிய ஆறு உருமாற்றங்களுக்குப் பக்கவாத்தியமே இல்லை. கிரேக்கப் புராணக் கதாபாத்திரங்கள் ஆறு பேரைப் பற்றியவை. முதலாவது, நாணலாக மாறிவிட்ட தன் காதலியையே குழலாக்கி ஊதும் பான் தேவனைப் பற்றியது. நாணலைக் கொண்டு நாணலின் கதையைச் சொல்கிற அழகு அதற்கு உண்டு. தாளக்கட்டு இல்லை, நடுநடுவே நிறுத்தங்கள். அந்த மௌனங்களையும் வாசிக்கத் தெரிய வேண்டும். தெரிந்தவனுக்கு இது சொர்க்கம். தெரியாதவனிடம், சீவாளியைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

கடைசியாக ஸான்ஸான்ஸின் ஸொனாட்டா. 1921இல், எண்பத்தைந்து வயசில், தாம் சாவதற்குச் சில மாதங்கள் முன்பு எழுதினார். கவனிக்கப்படாமல் கிடந்த குழல் வாத்தியங்களுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகவேண்டும் என்று அந்தக் கிழவருக்கு ஆசை. ஓபோவுக்கு ஒன்று, கிளாரினெட்டுக்கு ஒன்று, பஸ்ஸூனுக்கு ஒன்று, மூன்றும் அதே வருஷம். ஓபோ ஸொனாட்டாவின் இரண்டாம் பகுதி, தாளத்துக்குக் கட்டுப்படாமல் நம் ஆலாபனை போல ஆரம்பிக்கிறது. மறைக்க ஒன்றுமில்லாத எழுத்து. கிழவர்கள்தான் அப்படி எழுதுவார்கள்.

அன்று நான் கேட்டவர்களில் இரண்டு பேர் நினைவில் நிற்கிறார்கள். ஒரு பையன் மோட்ஸார்ட் வாசித்தான். விரல்கள் பறந்தன. எனக்குப் பிரமிப்பாக இருந்தது. அந்த நீண்ட ஸ்வரம் நடுவில் கொஞ்சம் தளர்ந்து சுருதி கீழே இறங்கியதை நான் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு பெண் வந்து ஸான்ஸான்ஸ் வாசித்தாள். பிரமிப்பு ஒன்றுமில்லை. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ஒரு வரியை முடித்து, காற்றை வெளியே விட்டு, அவசரப்படாமல் உள்ளே இழுத்து, அடுத்த வரியைத் தொடங்கினாள். அந்த மூச்சும் வாசிப்பில் சேர்ந்துவிட்டது. நடுவர் பையனுக்கு இரண்டாந்தரமும் பெண்ணுக்கு ஒன்றாந்தரமும் கொடுத்தார். எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது.

வெளியே வந்ததும் அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையிடம் கேட்டேன். தன் மூச்சுக்குள் அடங்கியதையே எடுத்துக்கொண்டால் அது கோழைத்தனம் இல்லையா, பையனின் தைரியத்துக்கு மதிப்பு இல்லையா என்றேன். அவர் சிரித்தார். அந்தப் பெண் அக்டோபரில் இந்த ஸொனாட்டாவை எடுத்தபோது நாலு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க முடியாமல் அழுதாளாம். "அக்டோபரில் முடியாதது, பிப்ரவரியில் முடியவேண்டும். அதுதான் சரியான உருப்படி. அக்டோபரிலேயே முடிந்தால் அது தூக்கம், பிப்ரவரியிலும் முடியாவிட்டால் அது பொய்" என்றார். பையனைப் பற்றிக் கேட்டேன். "இன்னும் இரண்டு வருஷத்தில் அவன் மோட்ஸார்ட்டை நன்றாக வாசிப்பான். ஏற்கெனவே வாசித்தாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டால்தான் ஆபத்து" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் கதைப் போட்டியில் நான் நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். கடைசியில் இரண்டு கதைகள் மிஞ்சின. ஒன்று பெரிய விஷயம், பெரிய வார்த்தைகள். மற்றொன்று, இரண்டு தங்கைகளுக்குத் தலைபின்னிவிடும் ஒரு பெண்ணின் ஒரு காலைப்பொழுது. நான் முதலாவதற்குக் கையெழுத்துப் போட்டேன். பரிசு வாங்கிய பையன் அதே போல இன்னும் நாலு கதை எழுதினான்; ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சத்தமாக இருந்தது. அப்புறம் எழுதவில்லை. தலைபின்னிய கதையை எழுதியவரின் பெயரை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. அவரிடம் யாராவது, "உங்கள் தேர்வு சரி" என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, ஓபோ கற்கும் பிள்ளைகள் யாராவது என்னைக் கேட்டால், பட்டியலில் கடினமானது எது என்று பார்க்காதே என்பேன். உருப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, வாத்தியத்தைத் தொடாமல், மூச்சு விடும் இடங்களில் மட்டும் பென்சிலால் குறிபோடச் சொல்வேன். குறி போட இடமே அகப்படாவிட்டால் மூடிவைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துத் திறக்கலாம். குறிகள் தாமாகவே விழுந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கடினமானதைத் தேடலாம். குறி போட்ட இடத்திலெல்லாம் ஒரு சின்னப் பயமும், அதை அடுத்து ஆசையும் வந்தால், அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போகலாம்.