பிரதிகளின் எண்ணிக்கையும் பாதிப்பும்

சிறுபத்திரிகையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே வாதங்கள்தான். 'எத்தனை பேர் படித்தார்கள்?' என்பது ஒன்று, 'எண்ணிக்கையா முக்கியம்?' என்பது மற்றது. பகல் முழுவதும் வங்கியில் எண்களோடு இருக்கிறவன் நான். எண்ணிக்கையைப் பழிக்க எனக்கு மனமில்லை. பிரதிகள் குறைவு என்பதே தரத்துக்கு அத்தாட்சி ஆகிவிடாது. ஆனால் எதை எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 ஜனவரியில் ஆரம்பித்து 1970-ல், 119 இதழ்களோடு நின்றது. வியாபாரக் கணக்கில் நஷ்டம். படித்தவர்களில் எத்தனை பேர் எழுதுகிறவர்கள் ஆனார்கள் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. 1962-ல் அது கொண்டுவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் மட்டும் 24 கவிஞர்கள். வெங்கட் சாமிநாதனின் விமர்சனக் குரல் எழுந்த இடம் அது. அதில் எழுதிய சி. மணி 1968-ல் சேலத்திலிருந்து 'நடை' வருவதற்குக் காரணமாக இருந்தார்.

இதுவும் நண்பர்கள் வட்டத்துக் கணக்குதான். பாதிப்புக்கு இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று உண்டு: மறுக்கிறவன் கையில் அது என்னவாயிற்று? 1971-ல் கோவையில் தோன்றிய 'வானம்பாடி'க்கு 'எழுத்து' கவிஞர்களின் அகநோக்கு உடன்பாடில்லை. சமூகத்தைப் பார்த்துப் பேச விரும்பினார்கள். ஆனால் பேசியது பெரும்பாலும் யாப்பை உதறிய புதுக்கவிதையில். எதிர்க்கட்சிக்காரனும் எடுத்துப் புழங்குகிற கருவி ஒன்றைத் தந்ததுதான் 'எழுத்து'வின் செல்வாக்கு.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நமக்குத் திருப்தி. ஆனால் செல்லப்பா பத்திரிகை ஆரம்பித்தது முக்கியமாக விமர்சனத்துக்காக. ஒரு படைப்பை வரிவரியாக அலசி, அபிப்பிராயத்துக்குக் காரணம் காட்டுகிற பழக்கம் தமிழில் வேரூன்ற வேண்டும் என்பதே அவர் கவலை. புதுக்கவிதை வாரப்பத்திரிகைகளின் பக்க ஓரம்வரை பரவிவிட்டது. அலசல் பரவவில்லை. யாப்பை விடுவது சுலபம். காரணம் சொல்வது சிரமம், சிநேகத்துக்கும் ஆபத்து.

ஆகவே ஒரு பத்திரிகையின் பாதிப்பை மதிப்பிடும்போது, எடுத்துக்கொள்ளப்பட்டதை வரவில் எழுதுகிற கையே தொடாமல் விடப்பட்டதையும் எழுதியாக வேண்டும். 'எழுத்து' விஷயத்தில் அந்தப் பாக்கி இன்னும் நம் பெயரில்தான் நிற்கிறது. சமீபத்தில் நண்பர் ஒருவரின் தொகுப்பைப் புகழ்ந்து எழுதினேன். 'நுட்பமான', 'அசலான' என்றெல்லாம் சொன்னேன். ஒரு கவிதையைக்கூட அலசிக் காட்டவில்லை. படித்தவர்களில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.