சந்தேகப்படத் தெரிந்த மென்பொருள்

விருத்தாசலம் வட்டாரப் பீங்கான் தொழிலில் களிமண் கூழைச் சலித்த பிறகே அச்சில் ஊற்றுவார்கள். குப்பை மெயிலைப் பிடிக்க மெயில் சர்வருக்கும் அப்படியொரு சல்லடை உண்டு. எனக்குப் பிடித்தது, 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ‘ஸ்பேம்அசாசின்’ என்னும் இலவச மென்பொருள்.

பெயரில்தான் கொலைவெறி, குணத்தில் நிதானம். எடுத்த எடுப்பில் எந்த மெயிலையும் விரட்டாது, மதிப்பெண் போடும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தா? கொஞ்சம். அனுப்பிய தேதி நாளைக்கு மறுநாளா? இன்னும் கொஞ்சம். அனுப்பிய சர்வர் தடைப்பட்டியலில் இருந்தால் கூடுதல். நல்ல அடையாளம் தென்பட்டால் கழிக்கவும் செய்யும். கூட்டுத்தொகை 5ஐ எட்டினால்தான் ‘ஸ்பேம்’ முத்திரை; அந்த வரம்பையும் நாம் மாற்றிக்கொள்ளலாம். எந்தெந்த விதியில் சிக்கியது என்பதை மெயிலின் ஹெட்டரிலேயே எழுதி வைக்கும். காரணம் சொல்லும் காவலர் அபூர்வம்!

சொற்களை எடைபோடும் பேய்ஸ் பகுதி இன்னும் அழகு. நல்ல மெயில் 200, குப்பை 200 பார்க்கும்வரை வாயே திறக்காது. அதன்பின் அந்தந்தக் கடையின் பேச்சுக்குப் பழகிவிடும். பீங்கான் வியாபாரியின் பெட்டியில் ‘இன்சுலேட்டர்’, ‘கொட்டேஷன்’ எல்லாம் நல்ல சொற்கள்தானே? தப்பாகப் பிடித்தால் ‘இது நல்லது’ என்று சொல்லிக்கொடுத்தால் போதும், திருத்திக்கொள்ளும்.

குப்பை ஒன்று உள்ளே வந்தால் ஒரு நொடியில் அழித்துவிடலாம். ஆர்டர் ஒன்று குப்பையில் போனால் நஷ்டம் நமக்கு. அந்தக் கணக்குத் தெரிந்த ஃபில்டரே நல்ல ஃபில்டர்.