பரியும் பொதியும்

நமது புதுக்கவிதையில் குதிரைகள் அதிகம். அவை ஓடுகின்றன, பிடரி சிலிர்க்கின்றன, பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கின்றன. இரவு, காமம், காலம், புரட்சி எல்லாமே குதிரையாகிவிட முடிகிறது. ஆனால் ஒன்றுகூடக் கொள்ளுத் தின்பதில்லை. ஒற்றையடிப் பாதையில் காதுகளை முன்னே விறைத்துக்கொண்டு, இதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிடுவதில்லை. இதைக் குறையென்று சொல்ல முடியுமா என்பதே இங்கு கேள்வி. படிமத்தில் வரும் குதிரைக்கு வயிறு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு என் சொந்தத் தோல்வியிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018 மார்ச் 11-ல் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ மலையேறப் போயிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்தார்கள். அந்த வாரம் நானும் ஒரு கவிதை எழுதினேன். அதில் தீ, புல்மேட்டின் மீது பாய்ந்து வரும் செம்புரவிக் கூட்டமாக இருந்தது. படிமம் நன்றாக விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சில மாதங்கள் கழித்து பெரியகுளத்துக்கு மேலே அகமலைப் பக்கம் போக நேர்ந்தது. ஊத்துக்காடு போன்ற மலையூர்களுக்கு அரிசியும் உப்பும் ஏறுவதும், காப்பிக்கொட்டை இறங்குவதும் குதிரை முதுகில்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படியே ஏறும். பொதி இறக்கிய ஒரு குதிரையின் கயிற்றை என் கையில் கொடுத்திருந்தார்கள். மிரளும் குதிரை என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். ஒரு வளைவில் அது நின்றுவிட்டது. நான் இழுத்தேன், அது பின்னுக்கு நகர்ந்தது. இன்னும் இழுத்தேன், தலையை உதறி என்னைச் சரிவின் பக்கம் தள்ளிவிட்டது. பின்னால் வந்த குதிரைக்காரர் சத்தம் போடவில்லை. "சும்மா நிக்காது சார். ஏதோ வாடை பிடிச்சிருக்கு. கயித்த விட்டுருங்க" என்றார். கயிறு தளர்ந்ததும் அது கழுத்தைத் தாழ்த்தித் தரையை மோந்தது. சற்று நேரத்தில் தானாக நடந்தது. எதிரே காட்டுமாடு நின்றதா, வெறும் ஈரச் சருகா, எனக்குத் தெரியவில்லை. குதிரைக்குத் தெரிந்திருந்தது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. ஏறக்குறைய சுற்றிலும் அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் பார்வை இல்லை. தப்பியோடுவதால் பிழைத்துவந்த மிருகம் அது. நாம் பாய்ச்சல் என்று கொண்டாடுவது பெரும்பாலும் அதன் பயம். அந்தப் பயம் கயிற்றின் வழியே நம் கைக்கு வருவதைப் போலவே, நம் கையின் பயமும் அதன் வாய்க்குப் போகிறது. அன்று இரவு ஊர் திரும்பி என் கவிதையை எடுத்துப் படித்தேன். அதில் குதிரை வந்ததற்கு ஒரே காரணம், 'வேகம்' என்ற சொல்லுக்கு அதைவிட அலங்காரமான வேறு சொல் எனக்குக் கிடைக்காததுதான். 23 மரணங்களின் மேல் ஓர் அலங்காரத்தை ஓடவிட்டிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

இது தமிழுக்குப் புதிய நோயல்ல. பட்டினப்பாலையில் குதிரை கடல்வழி வந்து இறங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றிச் சொல்லும் மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும் பணத்துக்குக் குதிரைகள் வாங்கப்பட்டதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துப்போனதையும் குறிக்கிறார். மாணிக்கவாசகர் கதையில் குதிரைகளாக வந்து லாயத்தில் கட்டப்பட்டவை, இரவில் நரிகளாகி ஊளையிட்டுக் காட்டுக்கு ஓடுகின்றன. பக்தியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், தன் குதிரையைப் பற்றி ஒரு சமூகம் சொல்லிக்கொண்ட மிக நேர்மையான கதை இதுதான் எனலாம். விலைக்கு வாங்கிய பெருமை விடிவதற்குள் நரியாகிவிடும். பிறமொழிக் கவிதைகளிலிருந்து நாம் இறக்கிக்கொண்ட குதிரைகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இதே மரபில் குறுங்குடி மருதனாரும் இருக்கிறார். அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவனின் தேர் முல்லைக்காட்டு வழியே திரும்பி வருகிறது. பூவில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடக்கூடாதென்று தேர்மணியின் நா கட்டப்பட்டிருக்கிறது. நமது உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் இதில் ஜீவகாருண்யத்தைக் கண்டு நெகிழ்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய அடிகளே முக்கியமாகப் படுகின்றன. குதிரையின் பிடரி கத்தரிக்கப்பட்டிருப்பது அங்கே சொல்லப்படுகிறது. இழுத்துப் பிடித்த வாரின் ஒலிக்கு யாழ்நரம்பின் ஒலி உவமையாகிறது. வாரின் விறைப்பைக் காதால் அறிந்தவன் எழுதிய வரி அது. மணியின் மௌனம் நம்பும்படியாக இருப்பதற்கு இந்த வாரின் ஓசையே காரணம். வேகத்தை அறிந்தவனுக்கே அடக்கம் பொருளாகிறது.

நவீன காலத்தில் இதற்கு இணையான ஒன்றை இந்தப் பிரதேசத்தோடு தொடர்புள்ள ஒருவரே செய்திருக்கிறார். பெயரின் முதலெழுத்தில் சின்னமனூரைச் சுமந்து, வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' காளை எதற்கும் குறியீடாக இருக்கச் சம்மதிப்பதில்லை. அதன் கொம்பும் திமிலும் கால்வைப்பும் அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான், ஜமீன்தாரின் கௌரவமும் பிச்சியின் பழியும் அதன்மேல் ஏற முடிகிறது. 1959-ல் 'எழுத்து' தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தவர் அவர். அந்தக் கவிதையின் வாரிசுகளான நாம் அவரது பத்திரிகையை எடுத்துக்கொண்டோம், காளையை விட்டுவிட்டோம்.

மோட்டார் சாலை வருமுன், பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு வெள்ளைக்காரர்கள் மட்டக்குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். ஏறியவர்கள் எழுதிவைத்தார்கள். கயிற்றைப் பிடித்து நடந்தவன் எழுதவில்லை. அவனிடம் சொற்கள் இல்லாமலா இருந்திருக்கும்? குதிரை நிற்கும் விதங்களுக்கு, காது திரும்பும் விதங்களுக்கு, பொதி சரிவதற்கு அவனிடம் சொற்கள் இருந்திருக்க வேண்டும். சாலை ஏற ஏறக் குதிரை இறங்கிவிடும். அதற்காகப் புலம்ப நமக்கு உரிமையில்லை. நோயாளியை டோலியில் தூக்கி இறங்குகிறவர்களுக்குச் சாலை வேண்டும். ஆனால் அந்தச் சொற்கள் போவதற்குள் கேட்டுக்கொள்ளாதது எழுத்துக்காரனின் குற்றம்.

கவிஞன் லாயத்தில் வேலை பார்க்க வேண்டுமா என்ற கேலி வரும் என்பது தெரிந்ததே. தகவல் சுத்தத்தை நான் கேட்கவில்லை. எடுத்தாண்ட பொருள் ஓரிடத்திலாவது கவிஞனை மறுக்க வேண்டும் என்கிறேன். இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் படிமம் பொய்க்கால் குதிரை. ஆடுகிறவனின் கால்களே அதன் கால்கள். மடலேறுகிறவனின் பனைமடல் குதிரைகூட இதைவிட மேல். பனங்கருக்கு ஏறியவன் தொடையை அறுக்கும்.

குரங்கணியைப் பற்றிய கவிதையை நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால் அதில் குதிரை வராது. தீ, தீயாகவே வரும். அது என்னை எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்பேன்.