வாளுக்குப் பின்னால் ஒரு தோள்

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், மிம்மோ குத்திக்கியோவின் பாவைக்கூத்து அரங்கில் ஒர்லாந்தோ, ரினால்தோ என்னும் வீரப் பாவைகள் கவசம் மின்ன மோதும்போது எல்லோர் கண்ணும் வாளின் மேல் இருக்கும். என் மனமோ பக்கத்திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் தோளைத் தேடிப் போகிறது.

சிசிலியின் இந்தப் பாவைகளுக்குப் ‘பூப்பி’ என்று பெயர். பலேர்மோப் பாவை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம், 8 கிலோ அளவு எடை. முழங்கால் மடியும். வாளை உறையிலிருந்து உருவும், மறுபடி செருகவும் செய்யும். கத்தானியா நகரத்துப் பாவை இதைவிடப் பெரியது, பல மடங்கு கனமானது. முழங்கால் மடியாது, வாள் எப்போதும் கைப்பிடியிலேயே இருக்கும். அதை ஆட்டுபவர் பின்புறம் உயரமான பலகைமேல் நிற்கிறார். பலேர்மோக் கலைஞர் நிற்பதோ மேடையின் பக்கவாட்டில், பாவை நிற்கும் அதே தளத்தில். கையை நீட்டித்தான் ஆக வேண்டும். 8 கிலோவை மார்போடு அணைத்துப் பிடிப்பது எளிது. அதையே அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால் தோள்மூட்டின் மேல் ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழும்.

அந்தப் பாரத்தோடு அந்தக் கை செய்யும் வேலையைப் பாருங்கள்! தலைக்குள் இறங்கும் இரும்புத் தண்டை மணிக்கட்டு லேசாகத் திருப்புகிறது. தொங்கும் கால்கள் ஊசலாடி வீரனை நடத்திச் செல்கின்றன. மணிக்கட்டுக்கு இந்த மென்மை வாய்க்க, தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் நிலைகொள்ள வேண்டும். புயத்தலையைச் சுற்றிய நான்கு சிறு தசைகள் அதைக் குழியின் நடுவிலிருந்து நழுவாமல் இருத்த வேண்டும். அதற்கும் அடியில் இன்னொரு வேலை நடக்கிறது. கை உயர்வதற்கு ஒரு கணம் முன்பே வயிற்றின் ஆழத்திலுள்ள தசை இறுகிவிடுகிறது என்றும், முதுகுவலிக்காரர்களுக்கு அது தாமதப்படுகிறது என்றும் 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் காட்டினார்கள். இதே தேடல் கைரோபிராக்டிக் சிகிச்சைத் துறையிலும் உண்டு; முதுகெலும்பைச் சொடுக்கெடுப்பது மட்டுமே அது என்று நாம் நினைக்கிறோம். காயம் வருமுன் காக்க எந்தத் தசை முதலில் விழிக்கிறது என்று அத்துறையில் சிலர் தேடுகிறார்களே, எனக்கு அதுதான் அருமையாகப் படுகிறது.

போர்க்காட்சியில் கலைஞர் காலால் தரையை ஓங்கி மிதித்துத் தாளம் எழுப்புவார். பார்ப்பவர்க்கு அது போர்முழக்கம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: வீச்சின் விசை பாதத்தில் பிறந்து இடுப்பு, முதுகு வழியாக ஏறி வருகிறது. தோள் தனியே உழைக்கவில்லை.

நம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் பொம்மை 10 கிலோ வரை இருக்கும். கயிறுகளை ஆட்டுபவர் தலையில் அணியும் இரும்பு வளையத்தில் கட்டுகிறார்கள். பாரம் நேராக முதுகெலும்பில் இறங்க, இரு கைகளும் குச்சிகளைப் பிடித்துப் பொம்மைக்கு அபிநயம் சேர்க்கின்றன. என்ன நேர்த்தியான யோசனை! ஆனால் தலை சற்றே முன்னால் சாய்ந்தாலும் பின்கழுத்துத் தசைகள்தான் அத்தனையையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கழுத்துகளை அக்கறையோடு தொட்டுப் பார்த்து, இளம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி சொல்ல ஒரு தசை வல்லுநர் கும்பகோணத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.