கடைசிக் காவலர்கள்

ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். 1ஆம் எண் சட்டை போட்ட ஃபுல்பேக் எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பார். எதிரணி வானத்துக்கு உதைத்த பந்து இறங்கி வரும்போது, அண்ணாந்த கண்ணை அவர் எடுக்க முடியாது. மோத வருகிறவர்களின் காலடி மட்டும் கேட்கும்.

இந்த இடத்தின் மிகச் சிறந்தவர் யார்? ஆஸ்திரேலியாவில் பழைய ஆட்கள் யோசிக்காமல் கிளைவ் சர்ச்சில் என்பார்கள். சவுத் சிட்னி அணியின் அந்தச் சிறிய உருவக்காரர், பந்தைப் பிடித்து உதைத்துத் திருப்பி அனுப்புவதோடு நிற்காமல், அதை ஏந்திக்கொண்டு தாக்குதலில் இறங்கினார். 1955இல் கை முறிந்த நிலையிலும் ஆடி, கடைசி உதையில் மேன்லி அணியைத் தோற்கடித்தார். ஆஸ்திரேலிய லீக் இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான பதக்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்தப் பதக்கத்தை 2009, 2017 என இருமுறை வென்றவர் பில்லி ஸ்லேட்டர். என் ஓட்டு இவருக்கே. குதிரை லாயத்தில் வேலை பார்த்த பையன். ஓட்டத்திலும் அந்த வாசனை இருந்தது. 2004இல், மாநில அணிகள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜினில், தன் அணியின் லாக்யர் உதைத்த பந்தை ஓட்டத்திலேயே அள்ளி, எதிரே வந்த எதிரணி வீரர் மினிசியெல்லோவின் தலைக்கு மேல் மெல்லத் தட்டி, அந்தப் பக்கம் தானே போய்ப் பிடித்து, கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து டிரை போட்டார்.

லாக்யரும் அபாரமான ஃபுல்பேக்தான். ஆனால் 2004இல் தாக்குதலை முன்னின்று நடத்தும் ஃபைவ்-எய்த் இடத்துக்குப் போய்விட்டார். பாதி ஆட்ட வாழ்க்கையை வைத்து எப்படி ஒப்பிடுவது?