இரண்டெழுத்துப் பெயர்களும் ஓர் இயந்திர நாயும்

விஞ்ஞானக் கதை என்றாலே நமக்கு ஒவ்வாது. மண்ணில் தீராத கவலைகள் மலையாய்க் குவிந்து கிடக்க, விண்ணில் என்ன தேடல் என்று கேட்டு ஒதுங்கியே வந்திருக்கிறோம். அப்படிப்பட்ட நம்மையும் ஒரு தொடர் கட்டிப் போட்டது. 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் உருப்பெற்ற சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வே அது.

கம்பம் பள்ளத்தாக்கில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள இல்லங்கள் குறைவாயிருந்த காலம். கொடைக்கானல் மலையை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிவைத்து, கூடத்தில் பாய் விரித்து, வீட்டாரும் அண்டை வீட்டாருமாய் அமர்வோம். பிள்ளைகளின் வற்புறுத்தலுக்காகவே நாமும் அமர்ந்தோம், அமர்ந்தவர் எழவில்லை.

கதை நிகழ்வது, இன்று நாம் கடந்து வந்துவிட்ட 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்களோ இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. கணவன் சிபி காணாமற்போக, நிலா தவிக்கிறாள். அவளுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய்.

தொடர் நடந்த நாட்களில் நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி, "அத்தா, அங்கே பாத்திமான்னு பேர் வைக்க முடியாதா?" என்று கேட்டாள். நாம் விரல்விட்டு எண்ணினோம். அலி தப்பும், பாத்திமா தப்பாது, முகம்மது தப்பவே தப்பாது. அவ்வளவு நேரமும் எங்கோ நடக்கும் கதையாகத் தோன்றியது, அக்கணமே நம் கூடத்திற்குள் வந்துவிட்டது. பெயரைக் குறுக்குகிற அதிகாரம், அப்பெயரை வைத்த பாட்டன் பாட்டியரின் நினைவையும் சேர்த்தே குறுக்குகிறது. இதனை எந்தச் சமூகக் கதையும் நமக்கு இத்தனை எளிதாய் உணர்த்தியதில்லை.

நாடே அஞ்சி நடுங்கிய ஜீவா, முடிவில் வெறும் ஒளியுருவம் என்று தெரியவருகிறது. ஆளே இல்லாத அரியணைக்கு மக்கள் தலைவணங்கியிருக்கிறார்கள்! விஞ்ஞான வித்தையாகத் தோன்றும் இத்திருப்பம், உண்மையில் அச்சத்தைப் பற்றிய பாடமே.

குறை இல்லாமல் இல்லை. நாயகி நிலாவாக இருந்தும் அவள் பெரும்பாலும் பிறர் வகுத்த திட்டத்தின் வழியே நடக்கிறாள். ஆட்சிப் பொறுப்பும் பிறர் கையால்தான் அவளுக்கு வருகிறது. சிந்திக்கும் வேலையை ஆசிரியர் நாயிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் அந்த நாயோ படிக்கிறது, ஐயுறுகிறது, ஓயாது வினவுகிறது. மனிதர் வினவ மறந்த நாட்டில் ஓர் இயந்திரம் வினவுவதே கதையின் உயிர்.

வினாவும் விடையுமாய் அறிவை வளர்ப்பது நமக்குப் புதிதன்று. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய 'ஆயிரம் மசலா' அம்மரபின் மூத்த தமிழ் நூல். நல்ல விஞ்ஞானக் கதையும் ஒரு வகையில் மசலாவே என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது: 'இப்படி ஆனால் என்ன ஆகும்?' என்பதே அதன் முதல் வினா.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்று முதலில் ஒருவர் சொன்னபோது, அதுவும் கதையாகவே தோன்றியிருக்கும். 1895இல் அணை எழுந்தது. இன்று அந்நீரில்தான் நம் வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தழைக்கின்றன. அந்நீரைக் குடித்து வளர்ந்த நாம், கற்பனையை வீண் என்று ஒதுக்கியது பிழையே.

விண்கலங்கள் இன்றும் நம்மை ஈர்ப்பதில்லை. ஆயினும், பிள்ளைகள் இத்தகைய கதையொன்றைக் கையில் எடுத்தால் தடுக்க வேண்டா. அருகே அமர்ந்து, அவர்கள் கேட்கும் வினாவுக்குச் செவி கொடுப்போம்.